ரிப்போர்ட்டில் வராத பதில்

கேள்வி: ஐயா, எனக்கு 23 வயது. ஊர் பேரணாம்பட்டு. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் வண்ணக்கலை முடித்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. அப்பா தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறார். கல்லூரியில் ஒரு ஆசிரியர், "உன்கிட்ட ஏதோ இருக்கும்மா" என்றார். இன்னொருவர், "உன் கோடு பலவீனம்" என்றார். இரண்டு கண்காட்சிக்கு அனுப்பினேன், இரண்டிலும் தேர்வாகவில்லை. மாமா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை சொல்லி வைத்திருக்கிறார், மாதம் 14,000 ரூபாய். பொங்கல் வரைக்கும்தான் டைம் என்று அப்பா சொல்லிவிட்டார். ராத்திரியில் தூக்கம் வரவில்லை. என் படங்களை அனுப்பியிருக்கிறேன். ஆறுதல் வேண்டாம், உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் திறமை இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கஷ்டப்படத் தயார். இல்லை என்றால் இப்போதே விட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டரே படம் வரைகிற காலத்தில் இதெல்லாம் தேவையா என்றும் தோன்றுகிறது.

பதில்: அன்புள்ள பேரணாம்பட்டு வாசகிக்கு,

இருக்கிறதா இல்லையா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்கிறீர்கள். இரண்டையும் நான் சொல்லப்போவதில்லை. நழுவுகிறார் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லவும் போகிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அந்தப் படங்களைப் பற்றி இல்லையே.

நம் வேலூர் ஜில்லாக்காரர்களுக்கு ரிப்போர்ட் என்றால் தனி மரியாதை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, கையில் ஃபைலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நல்ல கருவியும் நல்ல டாக்டரும் இருந்தால் வெளியே வந்துவிடும். நீங்களும் அப்படி ஒரு ரிப்போர்ட்டைத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். 35 வயதில் நீங்கள் எப்படி வரைவீர்கள் என்பது இன்றைக்கு உங்களுக்குள் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. இருப்பதை ஒளித்து வைத்திருந்தால் தேடி எடுக்கலாம். இன்னும் நடக்காததை நான் எங்கே போய்த் தேடுவது?

இதைச் சொன்னால் என்னிடம் வருகிற பிள்ளைகளின் முகம் வாடிவிடும். எனக்கென்னவோ இது நல்ல செய்தியாகத்தான் படுகிறது. ஏன் என்பதற்கு உங்கள் படங்களுக்கே போகலாம்.

அம்மாவின் கைகளை வரைந்திருக்கிறீர்களே, அந்தக் கரித்துண்டு ஓவியத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பரின் ஓரத்தை இடது கை பிடித்திருக்கிறது, வலது கையில் ஊசி. இடது கட்டைவிரலை இரண்டு மூன்று தடவை தப்பான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒன்று நீளம், ஒன்று மிகவும் மடங்கியிருக்கிறது. எதையும் முழுசாக அழிக்கவில்லை. கடைசியாக, தோலை அழுத்துகிற விரலின் நுனி தட்டையாகிற இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நகத்துக்குக் கீழே சதை பிதுங்குகிறது பாருங்கள், அங்கே கோடு திடீரென்று தடிக்கிறது. நூலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் விழுந்திருக்கும் தழும்பு ஒரே இழுப்பில் வந்திருக்கிறது. உங்கள் கோடு பலவீனம் என்று சொன்ன ஆசிரியர் இந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் மற்றப் படங்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார் என்றால் அவர் சொன்னது சரி. அந்தப் பெரிய கேன்வாஸ்கள், சிவப்பும் கறுப்புமாக வட்டங்கள், நடுவே ஒரு கண். கல்லூரியில் எல்லோரும் போடுகிற படம். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது பிரஷ்ஷைத் தொடும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோடு நடந்து பழகிய தெருவில் போகிறது, எங்கேயும் நின்று பார்க்கவில்லை. உருவப் படங்களில் முகங்களும் அப்படித்தான், ஒரே மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது.

ஆக, முடிவு தெரியாமல் இறங்கிய இடத்தில் உங்கள் கைக்கு உயிர் வந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வரைந்த இடத்தில் படுத்துவிட்டது. தாளின் மேல் 'தெரியவில்லை' என்பதை இவ்வளவு நன்றாகத் தாங்குகிற பெண், வாழ்க்கையில் மட்டும் ஏன் இன்றைக்கே தீர்ப்பு வேண்டும் என்று நிற்கிறீர்கள்? அப்பா வைத்த கெடு ஒரு காரணம், தெரிகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்னொரு வரிசை, தோல் ஷாப் படங்கள். குரோம் உப்பில் பதனிட்டு நீலமாகிப்போன, 'வெட் புளூ' என்கிற ஈரத் தோல்கள் மரச்சட்டத்தின் மேல் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. அந்த நீலம் வெளியூர்க்காரனுக்கு நம்பவே முடியாத நீலம். தோல் என்றால் பழுப்பு என்றுதான் அவன் நினைத்திருப்பான். உங்களுக்கோ சின்ன வயதிலிருந்து பார்த்த நிறம். மடிப்பு விழுகிற இடத்தில் சாம்பல் கலந்திருக்கிறீர்கள், கறுப்பைக் கலக்கவில்லை. ஈரத் தோலின் கனம் அதில்தான் வந்திருக்கிறது. இந்த வரிசையில் இன்னும் நிறைய வேண்டும். கண்காட்சிக்கு இவற்றை அனுப்பாமல் வட்டங்களையும் கண்ணையும் அனுப்பினீர்களே, அதற்கு உங்களைக் கொஞ்சம் திட்டலாம் போலிருந்தது.

நான் அதிக நேரம் நின்றது கடைசிப் படத்தில். பாலாற்று மணலில் லாரித் தடங்கள். பழுப்புக்கு ஆவாரம்பட்டை வேகவைத்த தண்ணீரைப் பயன்படுத்தியதாகப் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்திலேயே, "இப்படிச் செய்யலாமா தெரியவில்லை, நிறம் நிற்குமா தெரியவில்லை" என்று ஒரு குறிப்பு.

இந்தத் 'தெரியவில்லை'யைக் கவனியுங்கள். திறமை இருக்கிறதா என்ற 'தெரியவில்லை'க்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. இதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். தாளை நீளத் துண்டுகளாக நறுக்கி, பட்டைத் தண்ணீரை ஒரு கோட்டிங், இரண்டு கோட்டிங், மூன்று கோட்டிங் என்று பூசிக் காயவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் கறுப்புத் தாளால் இறுக்கமாக மூடி, வெயில் நன்றாக விழும் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டுங்கள். மழை படக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். தேதியையும் அளவையும் பின்னால் பென்சிலில் எழுதி வையுங்கள்.

அதற்கும் முன்னால் அப்பாவைக் கேளுங்கள். குரோம் வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன்னால் வட ஆற்காட்டில் ஆட்டுத் தோலை ஆவாரம்பட்டையில்தான் பதனிட்டார்கள். ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருப்பது அந்த வகைத் தோல்தான். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். உங்கள் பாலாறு இன்னும் கொஞ்ச நாளில் செம்மண் நிறத்துக்குத் திரும்பினாலும் ஆச்சரியமில்லை. அது வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். படத்துக்கு அழகாகக்கூட இருக்கலாம். அப்பாவோ அவரோடு வேலை செய்கிற பெரியவர்களோ இதைப் பற்றி எந்தக் கல்லூரிப் பேராசிரியரைவிடவும் அதிகம் சொல்வார்கள். "பொங்கல் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் பேச்சைத் தொடங்குவதற்கும் இது நல்ல இடம்.

கடுக்காய் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கடுக்காய்ப் பொடியை ஊறவைத்து வடிகட்டி, அதில் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைத் துளி போட்டுப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்த தண்ணீர் நீலம் ஓடிய கறுப்பாகிவிடும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் கடுக்காயும் இரும்பும் சேர்வதால்தான். அதே அன்னபேதியை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டால் கறுப்பில் பச்சை தட்டும். இரண்டு கறுப்பு, ஒரு பழுப்பு, எல்லாம் அப்பாவின் தொழிலிலிருந்தே. அன்னபேதி கூடிப்போனால் நாளடைவில் தாளை அரித்துவிடும், அதனால் அளவு முக்கியம். வாயில் வைக்கக் கூடாது. சமையல் பாத்திரத்தில் கலக்கவும் கூடாது, அம்மாவிடம் நீங்கள் வாங்கப்போகும் திட்டுக்கு நான் பொறுப்பில்லை.

நம்பிக்கை என்று நான் எதைச் சொல்கிறேன் என்றால் இதைத்தான். "நான் பெரிய ஓவியராக வருவேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது எனக்குச் சூதாட்டமாகப் படுகிறது. ஒரு நிராகரிப்புக் கடிதம் வந்தால் அது சரிந்துவிடும். நாளைக் காலையில் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது, அது இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம், எப்படிப் போனாலும் அடுத்ததுக்கு வழி இருக்கும் என்கிற நிலைமை அப்படிச் சுலபமாகச் சரியாது. பெரிய உண்மை தெரியாத காலத்தில் மனிதர்கள் இந்தச் சின்னச் சாத்தியங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள், ஓவியர்கள் மட்டுமில்லை.

ஆம்பூர் பக்கம் மலையாம்பட்டுக்கு அருகில் அர்மாமலைக் குகை இருக்கிறது. போயிருக்கிறீர்களா? எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்லப்படும் சமண ஓவியங்கள் விதானத்தில் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கின்றன. ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஒரு நாள் போய் வாருங்கள். வரைந்தவர் பெயர் நமக்குத் தெரியாது. பாறையின் மேல் பூச்சு எப்படித் தயார் செய்தார்கள், எங்கே உரிந்திருக்கிறது, எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். தொட வேண்டாம்.

சரி, நிராகரிப்புக்கு வருவோம். தேர்வுக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நடப்பது வெளியில் நீங்கள் நினைப்பது போல இருக்காது. முதல் சுற்றில் படங்கள் திரையில் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்தான். போட்டோ மங்கலாக இருந்தால், கோணலாக எடுத்திருந்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையடித்திருந்தால், படம் அங்கேயே போய்விடும். உங்கள் போட்டோக்களில் பாதி அப்படி இருக்கின்றன. ஒன்றில் உங்கள் கையின் நிழலே விழுந்திருக்கிறது! அதைத் தாண்டி வந்தால் அப்புறம் சுவரில் இடம் எவ்வளவு, இதே மாதிரி இன்னொரு படம் ஏற்கெனவே தேர்வாகிவிட்டதா, குழுவில் இருப்பவரின் சொந்த ருசி என்ன என்று எத்தனையோ. இதையெல்லாம் சேர்த்து வருகிற 'இல்லை'யை உங்கள் திறமைக்கு அரசு முத்திரை போட்ட சான்றிதழ் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக நிராகரிப்புக்கு மதிப்பே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன். வெவ்வேறு ஆட்கள் ஒரே குறையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் காது கொடுங்கள். அந்த வகையில் "கோடு பலவீனம்" என்றவர்தான் உங்களுக்கு உதவியிருக்கிறார். "உன்கிட்ட ஏதோ இருக்கு" என்பது கேட்க இனிக்கும், அதை வைத்துக்கொண்டு ஒரு கோடுகூடத் திருத்த முடியாது.

காலையில் மொட்டைமாடி நிழலில், படத்தைச் சுவரில் நேராகச் சாய்த்து, ஃபிளாஷ் இல்லாமல், கேமராவைப் படத்தின் நடுமட்டத்தில் பிடித்து எடுங்கள். ஓரங்களை வெட்டி அனுப்புங்கள். அது போதும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விசாரித்தால் தெரிந்துவிடுகிற விஷயங்களையும் யாராலும் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூட்டை கனக்காமல் என்ன செய்யும்? மாமா சொன்ன வேலையில் எத்தனை மணி நேரம், பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ் வருமா, ஓவர்டைம் கட்டாயமா என்று நீங்கள் விசாரிக்கவே இல்லை. வீட்டுக்கு மாதம் உங்களிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்றும் எழுதவில்லை. கேட்கவில்லையோ என்று சந்தேகப்படுகிறேன். தாளும் வண்ணமும் மாதம் எவ்வளவு இழுக்கிறது? பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டிராயிங் சொல்லிக்கொடுத்தால் எத்தனை பேர் வருவார்கள்? இதற்கெல்லாம் பதில் இருக்கிறது, நாலு பேரைக் கேட்டால் வந்துவிடும். வந்த பிறகு மூட்டையில் மிஞ்சுவது சின்னதாகத்தான் இருக்கும், அதைச் சுமந்துகொண்டு நடக்கலாம்.

உதவித்தொகை பற்றியும் நீங்கள் தேடியதாகத் தெரியவில்லை. மத்திய கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு ஒரு உதவித்தொகை கொடுக்கிறது, சி.சி.ஆர்.டி. என்கிற தன் பயிற்சி மையம் வழியாக. வயது 18 முதல் 25 வரை. மாதம் 5,000 ரூபாய், 2 வருடத்துக்கு. ஓவியம், சிற்பம் எல்லாம் அதில் வரும். ஒரு குருவிடம் மேற்பயிற்சி எடுப்பதற்கான தொகை அது. உங்களுக்கு 23 ஆகிறது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். அறிவிப்பு வந்ததும் விதிகளை நீங்களே ஒரு தடவை முழுசாகப் படியுங்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்ப வேண்டாம். கிடைக்குமா? அது தெரியாது. விண்ணப்பிக்காவிட்டால் கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

இப்போது அந்த வேலை. போங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். கலைஞன் வேறு வேலைக்குப் போனால் கலை செத்துவிடும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ சம்பாதித்துப் போட்டுச் சாப்பிட்டவர்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் பிறந்தவர். உங்கள் வயதில் அவர் தந்தித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தது 1936இல், 25 வயதில். பின்னால் அங்கேயே முதல்வரானார். அவரை இன்றைக்கு எதை வைத்து நினைக்கிறோமோ அந்தச் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல்தான் தொடங்குகிறது, ஐம்பதைத் தாண்டிய பிறகு. 23 வயதில் அவரிடம் போய், "உங்களுக்குத் திறமை இருக்கிறதா" என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்? 1966இல் அவரும் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்கிற ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது அங்கே சோறு போட்டது பெரும்பாலும் ஓவியம் இல்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் வரைந்தார்கள்.

இதை ஒரு ஆறுதல் கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பணிக்கரைப் போலவே வேலைக்குப் போய், அப்புறம் தூரிகையைத் தொடாமலே போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஜெயித்தவர்கள் கதையை மட்டும் கேட்டு முடிவெடுப்பது ஆபத்து. யாராவது வான்கோவைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து காபி குடிக்கப் போய்விடுங்கள். 23 வயதில் இருக்கிற நிலைமை 50 வயதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதற்கு மட்டும் பணிக்கரை வைத்துக்கொள்ளலாம்.

சாம்பிள் பிரிவு உங்களுக்கு உதவவும் செய்யும். காலின் வளைவைத் தட்டையான தாளில் பிரித்து வரைவது, அதைத் தோலில் வெட்டி மறுபடி வளைவாக்குவது, இதெல்லாம் வரைகிறவள் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வேலை உங்களை விழுங்குகிறதா என்று கண்காணியுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து ஸ்கெட்ச் புத்தகத்தில் எதுவுமே ஏறவில்லை என்றால் ஏதோ தப்பாகப் போகிறது, அப்போது எனக்கு எழுதுங்கள்.

பொங்கல் கெடுவை மாற்றச் சொல்லி அப்பாவிடம் கெஞ்ச வேண்டாம். கெடுவுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை மாற்றுங்கள். "பொங்கலுக்குள் நான் ஓவியர் ஆகிவிடுவேன்" என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் நம்ப முடியாது. "பொங்கலுக்குள் தோல் ஷாப் வரிசையில் பன்னிரண்டு படம் முடிக்கிறேன், உதவித்தொகை வேலையை எந்த நிலைமையில் இருக்கிறதோ அப்படியே காட்டுகிறேன், வேலையில் சேர்ந்து இவ்வளவு பணம் வீட்டுக்குத் தருகிறேன்" என்று சொன்னால் அது அவர் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. அவருக்குக் கலை பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள் என்றால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். நீங்கள் அப்படி எழுதவில்லை. பெண் என்ன ஆவாளோ என்ற பயம் அவருக்கு, உங்களுக்கும் அதே பயம்தானே?

விட்டுவிடுவதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் ஒரு சாத்தியம்தான், அதை நான் கேவலமாக நினைப்பதில்லை. ஆனால் திறமை இல்லை என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக விட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படங்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். கை எங்கேயாவது நகர்ந்திருக்கிறதா? போன தடவை வராத ஒன்று வந்திருக்கிறதா? புதிதாக ஒரு ஆசை, ஒரு எரிச்சல்? எதுவுமே இல்லை, வெறும் வீம்புக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு மூன்று தடவை தோன்றினால், நிம்மதியாக விட்டுவிடலாம். அப்போதும் அது உங்கள் முடிவாக இருக்கும்.

கம்ப்யூட்டர் படம் வரைவதைப் பற்றி. எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, தெரியும் என்கிறவர்கள் எதையோ விற்க வந்தவர்கள். ஃப்ளெக்ஸ் வந்தபோது நம் ஊர்களில் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஆர்ட்டிஸ்டுகளுக்கு வேலை போனதை நான் பார்த்திருக்கிறேன். சிலர் கம்ப்யூட்டரில் கோரல்டிரா கற்றுக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடையிலேயே உட்கார்ந்தார்கள். சிலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் அம்மாவின் இடது கட்டைவிரல் எப்படி அழுத்துகிறது என்று பார்க்கிற இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். இப்போதைக்கு அதை வரையுங்கள்.

தூக்கம் வரவில்லை என்றீர்களே, அதை இந்தக் கலைப் பேச்சில் கரைத்துவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் பார்க்கிறார்கள். யாராவது கேலி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

அடுத்த தடவை அனுப்பும்போது வெயிலில் வைத்த துண்டுகளின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். கண்காட்சிப் படிவத்தில் பட்டைத் தண்ணீர் ஓவியத்தைக் கலப்பு ஊடகம் என்று போட்டு, என்ன பொருள்கள் என்று பக்கத்தில் எழுதினால் போதும், ஒளிக்க வேண்டியதில்லை. மாமாவிடம் பேசும்போது சம்பளத்தில் ஐநூறு ஆயிரம் முன்னே பின்னே இருந்தால் விட்டுக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.